கரையில் நின்ற அறிவிப்பு

"இங்கிலீஷில் எழுதப்பட்ட எதையும் நான் தமிழில் சொல்லிவிடுவேன். நான் தமிழில் சொன்ன எதுவும் கேட்டவனுக்கு விளங்காமல் போனதில்லை. விளங்கியவன் அதன்படி நடக்காமல் போனதுமில்லை. இனியும் அப்படி ஒரு நாள் வராது."

இந்த மகத்தான பிரகடனம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தோராம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், தூத்துக்குடியில் அய்யாக்குட்டி அண்ணாச்சியின் காபி கிளப்பில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் செந்தூர்பாண்டி. கேட்டவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவருக்குக் காது மந்தம். ஒருவர் கடைக்காரர், காபி குடித்தவர் சொல்வதை மறுப்பது அவர் வழக்கமில்லை. மீதி இருவரும் அங்கேயே நம்பிவிட்டார்கள். இதைவிடக் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு நம் நாட்டில் கட்சிகள் தொடங்கியிருக்கிறார்கள்.

செந்தூர்பாண்டி தாமிரபரணிக் கரையில் ஒரு நெல் விளையும் ஊரில் பிறந்தவர். நடவுக் காலத்தில் குடும்பமே சேற்றில் இறங்கி நிற்க, அவர் மட்டும் வரப்பில் நின்று நடவைப் பற்றிப் பேசுவார் என்பது அவருடைய இளமைப் பருவம் குறித்து நமக்குக் கிடைக்கும் முதல் தகவல். "ஏலே, பேசுத நேரத்துக்கு ரெண்டு நாத்தை ஊணு" என்று அண்ணன் மாடக்கண்ணு சொல்லிப் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை, நாற்றும் நிற்கவில்லை. ஊன்றியவை மறுநாளே மிதந்தன. எனவே குடும்பத்தார் ஒருமனதாக அவரைப் படிக்க அனுப்பினார்கள்.

பாளையங்கோட்டையில் பத்து வகுப்பு முடித்தார். பரிசாக ஓர் இங்கிலீஷ் அகராதி கிடைத்தது. மற்றவர்கள் வேண்டும்போது புரட்டுகிற அந்தப் புத்தகத்தை அவர் கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். வாசித்து முடித்த அன்று அண்ணனிடம் போய், தாம் இனிமேல் சொல்லை நம்பிப் பிழைக்கப் போவதாக அறிவித்துவிட்டு, மனைவி தங்கத்தாயையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு ரயில் ஏறினார்.

சரக்கு இறக்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. தூத்துக்குடிக் கரையில் ஆழம் குறைவு என்பதால் கப்பல்கள் சில மைல் தள்ளியே நின்றுவிடும். சரக்கெல்லாம் தோணியில்தான் போய் வரும். ஒரு நாள் ஒரு பஞ்சுப் பொதி கடலில் விழுந்தது. கப்பலின் இரண்டாவது அதிகாரி மேலிருந்து குனிந்து, தோணி மேஸ்திரி வீரபாகுவை ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் ஏசினார். அதில் வீரபாகுவின் தாயார், பாட்டனார், பிற உறவினர் பலரும் இடம்பெற்றார்கள். தோணியில் கணக்கெழுத வந்திருந்த செந்தூர்பாண்டி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "தங்கள் பணியில் இன்னும் சற்றுக் கவனம் நலம் பயக்கும் என்று அன்னார் கருதுகிறார்" என்று மொழிபெயர்த்தார். வீரபாகு இடுப்பில் கை வைத்து, தம் பங்குக்கு அந்த அதிகாரியின் வம்சத்தை ஆறு நிமிஷம் விசாரித்தார். "வருந்துகிறார்" என்று மேலே போய்ச் சேர்ந்தது. இருவரும் திருப்தியோடு பிரிந்தார்கள். ஏசியவரின் முகத்தையும் ஏசப்பட்டவரின் கையையும் பார்த்தே இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது என்பதைச் செந்தூர்பாண்டி கவனிக்கவில்லை. அன்றைய அமைதி முழுவதும் மொழிபெயர்ப்பால் விளைந்தது என்றே கடைசிவரை நம்பினார். மேலே கண்ட பிரகடனம் அந்த வாரத்தில்தான் வெளிவந்தது.

பேசுகிறபோதும் அவர் அச்சடித்ததுபோலத்தான் பேசுவார். மோர் கேட்டால்கூட எழுவாய், பயனிலை எல்லாம் ஒழுங்காக இருக்கும். "இவர் பேசி முடிக்குமுன்னால மோர் புளிச்சுப் போவுது" என்று தங்கத்தாய் பக்கத்து வீட்டில் சொன்னதுண்டு. ஆனால் அவள் சொன்ன குரலில் பெருமையே அதிகம்.

அடுத்த வருஷம் பங்குனியில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். கொழும்பு தூத்துக்குடிக்குப் பக்கத்து வீடு மாதிரி. வசதி உள்ளவர்கள் மாட்டுவண்டி பிடித்து உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். கடலை நம்பியவர்கள் போக இடமில்லாமல் இருந்தார்கள். வான் தாக்குதலிலிருந்து ஜனங்களைக் காக்க ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் தேவபிரசாதம் அதற்கு அதிகாரியானார். மேலிடத்திலிருந்து பதினான்கு விதிகள் இங்கிலீஷில் வந்திறங்கின. அவற்றைத் தமிழாக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மூன்று மாதத்துக்கு மட்டும் வேலை. ஜனங்கள் விதிப்படி நடக்கிறார்கள் என்று தெரிந்தால் நீடிப்பு, இல்லாவிட்டால் வீடு.

செந்தூர்பாண்டி பழைய வேலையை அன்றைக்கே விட்டார். அண்ணனுக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினார். அண்ணன் ஒரு வரியில் பதில் போட்டார்: "மூணு மாசம் கழிச்சு நடவு, நாத்து தயாராத்தான் இருக்கும்."

ஒன்பது நாள் உழைத்தார். 'வானூர்தி வழி வந்தெய்தும் வல்லிடர்க் காப்பு நெறிகள்' என்று தலைப்பு அமைந்தது. அபாயச் சங்கு முழங்கியவுடன் எவரும் திறந்தவெளியில் நில்லாது இல்லம் புகுந்து சுவரோரம் குப்புறப் படுத்தல் வேண்டும் என்பது முதல் விதி. 'யாரும்' என்று போடுவதா 'எவரும்' என்று போடுவதா என்பதில் மட்டும் ஒரு பகல் கழிந்தது. 'எவரும்' என்றால் ஒருவர்கூடத் தப்ப முடியாது என்று முடிவு செய்து அதையே போட்டார். தண்ணீர், மணல், கயிறு இவற்றை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும் என்பது ஐந்தாம் விதி.

இதை ஊருக்கு அறிவிக்க முப்பிடாதி வந்தார். தமுக்கு அடித்துச் செய்தி சொல்வதில் இருபது வருஷ அனுபவம் உள்ளவர். எழுத்து வாசிக்கத் தெரியாது. செந்தூர்பாண்டி பதினான்கு விதிகளையும் ராகத்தோடு படித்துக் காட்டினார். முப்பிடாதி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தெருவில் போய்த் தமுக்கைத் தட்டி, "சங்கு ஊதுனா வீட்டுக்குள்ள போயிருங்க. தண்ணி, மண்ணு, கயிறு தயாரா வச்சுக்கிடுங்க. மறு சங்கு ஊதுனா வெளிய வரலாம்" என்றார். அவ்வளவுதான். பெற்ற பிள்ளையை யாரோ மொட்டையடித்துக் கூட்டிக்கொண்டு வந்ததுபோல் செந்தூர்பாண்டி திகைத்து நின்றார். பதினோராம் விதி எங்கே என்று கேட்டார். அது இந்த மூன்றுக்குள்தான் கிடக்கிறது என்று முப்பிடாதி சமாதானம் சொன்னார்.

ஆகவே அவரே தெருத்தெருவாகப் போனார். கடலோரத்தில் மீன்பிடிப்பவர்களின் தெருவுக்கு மூன்று தடவை போனார். அங்கே மிக்கேலம்மாள் என்று ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், கருவாடு போடுகிறவள். கணவர் சந்தியாகுவும் இரண்டு மகன்களும் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள். அவள் வாய்க்குத் தெருவே அடங்கும். எனவே அவளையே பரீட்சைக்கு எடுத்துக்கொண்டார்.

"அபாயச் சங்கு முழங்கினால்?"

"வீட்டுக்குள்ள போவணும்."

"போய்?"

"செவரு ஓரமா குப்புறப் படுக்கணும். காதைப் பொத்திக்கிடணும். பல்லுக்கு எடையில துணியைக் கடிச்சுக்கிடணும்."

"வெளியே தலை நீட்டினால்?"

"நீட்டப்படாது. நீட்டுனா கிளாக்கய்யாவுக்கு வேலை போயிரும்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். செந்தூர்பாண்டி சிரிக்கவில்லை. நூற்றுக்கு நூறு என்று குறித்துக்கொண்டு போனார்.

முதல் பயிற்சி ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நடந்தது. சங்கு ஊதியதும் கடைத்தெரு ஒழுங்காகக் கதவடைத்தது. பெரிய வியாபாரிகள் கட்டிலுக்கடியில் போனார்கள். கடலோரத் தெருவிலும் ஒரு குழப்பமும் இல்லை. மூன்றே நிமிஷத்தில் அத்தனை வீடும் காலியாகி, தெரு மொத்தமும் கடற்கரையில் நின்றது.

வெறுங்கையோடு நிற்கவில்லை. விதி ஐந்தின்படி தண்ணீர்க்குடம் இருந்தது, வடக்கயிறு இருந்தது. மணல் அங்கேயே கிடந்தது. கூடவே உலர்ந்த வேட்டிகளும், ஒரு கிழவியின் கையில் ஒரு செம்பு கருப்பட்டிக் காபியும் இருந்தன. விமானத்திலிருந்து பார்க்கிற ஒருவனுக்கு இதைவிட வசதியாக யாரும் கூடி நிற்க முடியாது.

செந்தூர்பாண்டி ஓடி வந்தார். கடல் அவருக்கு ஆகாது. கம்பெனி நாட்களில் தோணிக்குக்கூடத் துறைப் பாலத்திலிருந்தே ஏறியவர், ஈர மணலில் அதுவரை கால் வைத்ததில்லை. காய்ந்த மணல் முடிகிற இடத்தில் நின்று, காகிதத்தைப் பிரித்து முதல் விதியை உரக்க வாசித்தார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. முகங்கள் கடலைப் பார்த்தே இருந்தன.

ஏன் இங்கே வந்தாய் என்று மிக்கேலம்மாளைக் கேட்டார். அவள் தன் காலை ஒரு தடவை குனிந்து பார்த்தாள். யாரோ இரவல் கொடுத்த கால்போலப் பார்த்தாள்.

"தெரியல ஐயா. சங்குச் சத்தம் கேட்டுச்சு. உள்ள போவணும்னுதான் எந்திரிச்சேன். பாத்தா இங்கன நிக்கேன்."

"விதி விளங்கவில்லையா?"

"நல்லா வெளங்குச்சு. இப்பவும் சொல்லுதேன், கேளுங்க."

திறந்த கடற்கரையில், வெயிலில் நின்றுகொண்டு, பதினான்கு விதிகளையும் அவள் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். ஒன்பதாவதில் செந்தூர்பாண்டியே தடுமாறுகிற ஒரு சொல் உண்டு. அதையும் சரியாகச் சொன்னாள்.

பயிற்சியின்போது வெளியே காணப்படுகிறவர்கள் மாண்டவர்களாகக் கருதப்படுவார்கள் என்பது சட்டம். அலுவலகத்துத் தொண்டர்கள் தலை எண்ணி எழுதினார்கள்: மாண்டவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு, காயம்பட்டவர் இல்லை. மறு சங்கு ஊதியதும் மாண்டவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு சோறு வடிக்கப் போனார்கள்.

தேவபிரசாதம் கோபிக்கவில்லை. செந்தூர்பாண்டியை உட்காரச் சொல்லி, "பையன் பாடத்தை ஒப்பிச்சிட்டான்னா அவனுக்குப் பாடம் வந்துட்டுன்னு நானும் முப்பது வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தேன், பாண்டி" என்றார். பிறகு மேசையில் இருந்த கடிதத்தைத் தள்ளினார். இரண்டாம் பயிற்சி பன்னிரண்டு நாள் கழித்து. மேலதிகாரியான துரை நேரில் வருகிறார். கரை மறுபடி நிறைந்தால் இந்த அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

செந்தூர்பாண்டி சோர்ந்துவிடவில்லை. நோய் முற்றினால் மருந்தைக் கூட்டுவதுதானே முறை? விதிகளை எளிய தமிழில் எழுதினார், பெண்கள் பாராட்டினார்கள். கேள்வி பதிலாக எழுதினார், ஒப்பித்தார்கள். பாட்டாகக் கட்டினார், கருவாடு காயப்போடும்போது தெரு முழுவதும் பாடினார்கள், மெட்டு நன்றாக இருந்தது. குழந்தைகள் அதை விளையாட்டாக்கினார்கள். ஒரு பிள்ளை வாயால் சங்கு ஊதும். மற்றவை பாட்டைப் பாடிக்கொண்டே கடற்கரைக்கு ஓடும்.

நான்கு நாள் மீதியிருக்கையில் ஐந்தாவது அறிவிப்போடு மிக்கேலம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் மீனைக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். வாசியுங்கள் என்றாள். ஏழாம் விதி வரை வாசித்தவர் தலை நிமிர்ந்தார். அவள் உதடு அவருக்கு முன்னதாகவே எட்டாம் விதிக்குப் போயிருந்தது. காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தார். செந்தூர்பாண்டியின் வாழ்க்கையில், விழித்திருக்கும்போது, சொல்ல ஒன்றுமில்லாமல் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. மிக்கேலம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவர் மடியிலிருந்த காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். பயந்துபோய், அந்த மௌனத்தை நிரப்பத் தானே பேச ஆரம்பித்தாள்.

எட்டு வருஷத்துக்கு முந்திய சங்கதி. கரைக்கு வருகிற வள்ளம் ஒன்று அலை உடைகிற இடத்தில் கவிழ்ந்துவிட்டது. யாரோ கோயில் மணியை அடித்தார்கள். அந்தத் தெருவில் வேளை தவறி எந்தப் பெரிய சத்தம் கேட்டாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடலுக்குள் போகத் தெரிந்தவன் போவான், மற்றவர்கள் கரையில் நின்று வடம் இழுப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், நனைந்தவனுக்கு வேட்டி மாற்றுவார்கள். தெருவே ஓடியது.

"நான் ஓடல" என்றாள் மிக்கேலம்மாள். கை உப்பை அள்ளுவதை நிறுத்தவில்லை. "அடுப்புல மீங்கொளம்பு. ஒரு கொதி வந்ததும் எறக்கிட்டுப் போவம்னு நின்னேன். ஒரு கொதிதான் ஐயா. நான் போய்ச் சேந்தப்ப நாலு பேரை இழுத்துப் போட்டிருந்தாவ. அஞ்சாவது ஆளு எங் கொழுந்தன். வடத்துல ஒரு கை கொறஞ்சுதுன்னு ஒருத்தரும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. யாராவது கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

செந்தூர்பாண்டிக்கு அகராதி முழுவதும் மனப்பாடம். அதில் தேடினார். பிறகு தேடுவதை விட்டார்.

"அப்போ என்ன செஞ்சா நீங்க உள்ள இருப்பிய?" என்று கேட்டார். தூத்துக்குடிக்கு வந்தபின் அவர் வாயிலிருந்து தாமிரபரணிப் பேச்சு வந்தது அன்றுதான். அதை அவரே கவனிக்கவில்லை.

மிக்கேலம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். அதுவரை அவளிடம் இதை யாரும் கேட்டதில்லை என்பதால் யோசிக்க வேண்டியிருந்தது.

"கரையில ஒரு ஆளு நிக்கணும். கடலைப் பாத்துக்கிட்டு நிக்கணும். எங்க தெரு ஆளு கூடாது. எங்க ஆளு நின்னா அவன் பொஞ்சாதி பொறத்தால வருவா, அவளைத் தேடி அவ தங்கச்சி வருவா, பெறகு முந்நூத்துப் பன்னெண்டுதான். கடல்ல சொந்தம்னு யாரும் இல்லாத ஆளா இருக்கணும். ஓடிப்போவாத ஆளா இருக்கணும். வள்ளமெல்லாம் சீரா வந்தா துண்டைத் தூக்கி ஆட்டணும். எதுக்காவது ஆபத்துன்னா துண்டைக் கீழ போட்டுறணும். போட்டா குண்டே விழுந்தாலும் நாங்க வருவோம். அப்ப வந்து பாட்டுப் படிக்கப்படாது."

தூத்துக்குடியில் கடலில் சொந்தமில்லாதவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் குண்டு விழுகிறபோது ஓடாமல் நிற்கக்கூடியவர் யார் என்று இருவரும் யோசித்தார்கள். முதலில் மிக்கேலம்மாள் யோசிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து அவரும் யோசிப்பதை நிறுத்தினார்.

அன்று அவர் பேசாமல் சாப்பிட்டார். தங்கத்தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுக்கு தட்டப் போனாள்.

அடுத்த மூன்று நாளும் மிக்கேலம்மாள் அவரைக் கரையில் நிறுத்திப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். சீராக வருகிற வள்ளம் எது, தண்ணீர் ஏறிய வள்ளம் எது, பாய் சாய்ந்தால் எந்தச் சாய்வு காற்றால், எந்தச் சாய்வு பயத்தால் என்று காட்டினாள். அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளப் பார்த்தார். எழுதி முடிப்பதற்குள் வள்ளம் வேறு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் நாள் ஒரு கரும்புள்ளியைப் பார்த்துப் பதறிப்போய்த் துண்டைக் கீழே போட்டார். அது வள்ளமில்லை, கடல்காக்கை என்றாள் அவள். காக்கைக்காகத் தெருவைக் கூப்பிட்டால் தெரு அவரைத்தான் கடலில் போடும் என்றும் சொன்னாள். மூன்றாம் நாள் அவர் காகிதத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

தேவபிரசாதத்திடம் போய் விஷயத்தைச் சொன்னார். எவரும் வெளியே நிற்கக்கூடாது என்பது முதல் விதி, அதுவும் தாமே எழுதியது. அதைத் தாமே துரையின் கண்ணெதிரில் மீறப் போவதாகவும், வேலை போனால் நாற்று தயாராக இருப்பதாகவும் சொன்னார். தலைமை ஆசிரியர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். தமக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்றும், இப்போது சொன்னது எதுவும் விழவில்லை என்றும் தெரிவித்தார்.

பயிற்சி நாள் வந்தது. துரை அலுவலக மாடியில் தூரக்கண்ணாடியோடு நின்றார். காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. கடைத்தெரு அடைந்தது. கடலோரத் தெருவில் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. கரை வெறிச்சோடிக் கிடந்தது.

ஓர் ஆளைத் தவிர. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் வரை ஈர மணலில் புதைந்து, ஒரு மனிதர் கடலைப் பார்த்து நின்றார். ஒவ்வோர் அலைக்கும் அவர் உடம்பு ஒரு தடவை குலுங்கிற்று, கால் நகரவில்லை. தூரத்தில் பதினோரு பாய்கள் வந்துகொண்டிருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சந்தேகமான ஒன்றை இரண்டாம் தடவை பார்த்தார். பிறகு துண்டைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

தெருவின் கடைசி வீட்டில் மிக்கேலம்மாள் விதிப்படி குப்புறப் படுத்து, விதிப்படி பல்லிடையே துணியைக் கடித்துக்கொண்டு, விதியில் இல்லாதபடி கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்திருந்தாள். துண்டு அசைந்ததும் கையை நீட்டிப் பக்கச் சுவரை மூன்று தட்டுத் தட்டினாள். அடுத்த வீட்டுச் சுவர் மூன்று தட்டுத் தட்டியது. அது அப்படியே தெருவின் மறுமுனை வரை போயிற்று. எழுந்து நின்ற இரண்டொரு பெண்கள் மறுபடி படுத்தார்கள்.

மாடியில் துரை கண்ணாடியை இறக்காமல், அந்த முட்டாள் யார் என்று கேட்டார்.

முப்பது வருஷம் இங்கிலீஷ் கற்பித்த தேவபிரசாதம் தகுந்த பதிலுக்காகச் சற்றுத் தயங்கினார். "அதுதான் அறிவிப்பு, சார்" என்றார்.

நாற்பது நிமிஷம் கழித்து மறு சங்கு ஊதும்வரை துண்டு ஏழு தடவை ஆடியது. ஒரு கதவும் திறக்கவில்லை. துரையின் அறிக்கை சுருக்கமானது: கடலோரத் தெருவில் மாண்டவர் ஒருவர், பெயர் செந்தூர்பாண்டி, மொழிபெயர்ப்பாளர், மாண்டவருக்கு ஒரு வருஷம் வேலை நீடிப்பு வழங்கலாம்.

கூடவே ஓர் உத்தரவும் வந்தது. தெற்கே கரையோரம் இன்னும் பன்னிரண்டு மீன்பிடி ஊர்கள் இருக்கின்றன. அங்கே சங்கு கிடையாது. கோயில் மணியைத்தான் அபாய ஒலியாக வைத்திருக்கிறார்கள். எனவே செந்தூர்பாண்டி தம்முடைய முறையைத் தெளிவான தமிழில் ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். அச்சடித்துப் பன்னிரண்டு ஊருக்கும் தபாலில் அனுப்பிவிடலாம்.

செந்தூர்பாண்டி இரண்டு நாள் மேசையில் உட்கார்ந்தார். 'ஒருவர் கரையில் நிற்க' என்று எழுதினார். எந்த ஒருவர்? 'நம்பிக்கைக்குரிய ஒருவர்' என்று திருத்தினார். அந்த ஊரில் யாரை யார் நம்புவார்கள் என்று இங்கிருந்து எப்படித் தெரியும்? பாயின் சாய்வைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, வாசித்துப் பார்த்து, அதை வைத்துக் கடல்காக்கையைக்கூட அடையாளம் காண முடியாது என்று கிழித்தார். குழம்பு ஒரு கொதி வந்ததைப் பற்றி எழுதத் தொடங்கி, பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது அச்சடித்துத் தபாலில் போகிற சங்கதி இல்லை. தங்கத்தாய் இரண்டு தடவை வந்து, மைக்கூடு நிறைந்தே இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் தேவபிரசாதம் வந்தபோது மேசையில் ஒரு தாள் இருந்தது. தலைப்பு இல்லை. அதில் ஒரே வரி: 'இதை எழுத வரவில்லை, போய் வருகிறேன்.' தலைமை ஆசிரியர் அதை இரண்டு தடவை வாசித்து, கீழே சிவப்பு மையால் சரி என்று குறியிட்டுக் கோப்பில் வைத்தார்.

அந்த நேரத்தில் செந்தூர்பாண்டி வாடகைச் சைக்கிளைப் பன்னிரண்டில் முதல் ஊரான புன்னக்காயல் மணலில் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஒரு பெண் வலைக்குப் பக்கத்தில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேற்றூர்க்காரரைப் பார்த்ததும், எந்த ஆபீஸ், என்ன நோட்டீஸ் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று அதட்டினாள்.

"நோட்டீஸ் ஒண்ணும் இல்ல தாயி" என்றார் செந்தூர்பாண்டி. "வேளை கெட்ட வேளையில மணி அடிச்சா இங்கன என்ன செய்விய? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் சந்தேகத்தோடு ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். செந்தூர்பாண்டி சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஈர மணலில் உட்கார்ந்தார்.